நிலாவுக்குப் பின்னால் ஒரு இன்டர்வியூ

பெங்களூர் அடுகோடியை விட்டு நகராமலேயே நிலாவை இருபத்தைந்து முறை சுற்றி வந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். தெரு அவரை ‘ராக்கெட்’ என்றது. தொழில் ரேடியோ ரிப்பேர்.

முதன்முதலாக மூன்று பேர் நிலாவைச் சுற்றி வந்தபோது, ரேடியோவில் கேட்டதையெல்லாம் பதிந்து, பிற்பாடு கேசட்டுகளுக்கு மாற்றியிருந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் அதே நாள், அதே மணிக்குப் போடுவார். அந்தப் பயணத்தின் ஆறு நாளும் கடையில் வேலை நடக்காது.

“சார், என் டேப்ரெக்கார்டர் என்னாச்சு?”

“பாதி வழியில இருக்கோம்மா. இறங்கினதும் பாக்கறேன்.”

தொண்ணூறுகளில் அவர் கடை மாடியில் குடியிருந்தேன். ஆம்பூரிலிருந்து வந்து எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை தேடிய காலம். இன்டர்வியூ இங்கிலீஷைப் பேசிப் பதிந்து பழக ஒரு கேசட் வேண்டும். அவர் இல்லாத நேரம் மேஜையில் இருந்த ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். வெறும் ‘உஸ்’ தவிர ஒன்றுமில்லை. காலிதானே என்று ஒரு பக்கம் முழுக்கப் பேசித் தள்ளிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாலை. தெருவே கடையில் கூடியிருந்தது.

“இப்ப நிலாவுக்குப் பின்னால போறாங்க. அரை மணிக்கு மேல ஒரு சத்தமும் பூமிக்கு வராது. அதையும் அப்படியே புடிச்சு வெச்சிருக்கேன்” என்று எடுத்தார் ஒரு கேசட்டை. நான் பேசிப் பதிந்த அதே கேசட்.

“அண்ணே, அது காலி கேசட்டு…”

“காலியா? இதுக்குள்ள மூணு பேர் இருக்காங்க குரு! சும்னிரு!” என்று பெங்களூர்க் கன்னடத்தில் என் வாயை அடைத்தார்.

அங்கேதான் இன்ஜின் சரியாக எரிய வேண்டும். கோளாறானால் வீடு திரும்ப முடியாது. அவர்கள் பத்திரமாகத் திரும்பியது ஊருக்கே தெரியும். இவர் மட்டும் வருஷா வருஷம் கண்ணை மூடி வேண்டிக்கொள்வார்.

“குட் மார்னிங் சார்! மை நேட்டிவ் பிளேஸ் இஸ் ஆம்பூர்!” என்றது கேசட்.

பக்கத்துக் கடைத் தையல்காரர் துள்ளி எழுந்தார். “யோவ் ராக்கெட்டு, ஆம்பூர்க்காரன் அங்கயும் பிரியாணிக் கடை போட்டுட்டானா?”

கடையே சிரித்தது. ராக்கெட் மட்டும் சிரிக்கவில்லை, கேசட்டை நிறுத்தவும் இல்லை. என் ஓட்டை இங்கிலீஷை முழுதாகக் கேட்டார். கண் திறந்தபோது கலங்கியிருந்தது. எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

“தெரியாம அழிச்சுட்டேண்ணே.”

கேசட்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, “வேலை கெடச்சுதா?” என்றார்.

“இல்லண்ணே.”

“எப்படிக் கெடைக்கும்? மூச்சு விடாம பேசறே.”

அடுத்த டிசம்பரில் பயந்துகொண்டேதான் போனேன். அதே கேசட்டைத்தான் போட்டார்.

“எல்லாரும் சும்னிருங்க. நம்ம பையன் இன்டர்வியூல இருக்கான்.”

“அண்ணே, எனக்கு வேலை கெடச்சு ஆறு மாசமாச்சு.”

“அவங்களும்தான் திரும்பி வந்துட்டாங்க. அதுக்காக வேண்டிக்காம விட்டுட முடியுமா?”

கண்ணை மூடிக்கொண்டு அவர் நான்கு பேருக்காக வேண்டிக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்து நான் அழுதுவிட்டேன்.