வெளிவராத போரின் தளபதி

மனித குலத்தில் புதிதாக ஒரு கிளை முளைத்திருக்கிறது. இன்னும் தொடங்காத போர்களில் விழுப்புண் பட்டவர்கள் அவர்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள், கடைசியில் காட்டுகிறேன்.

வாளும் மந்திரமும் அரக்கர்களும் நிறைந்த ஒரு மாய உலகம் கணினித் திரையில் வரப்போகிறது, உலகெங்கும் உள்ளவர்கள் அதில் ஒன்றுகூடி விளையாடலாம் என்று எங்கோ ஒரு கம்பெனி அறிவித்த நாளிலிருந்து, அந்த உலகத்தின் மூத்த குடிமகனாகத் தன்னைத்தானே நியமித்துக்கொள்பவர் இவர். விளையாட்டு வெளிவர இன்னும் மாதங்கள் இருக்கும். அதற்குள் அதன் காடுகளில் இவருக்குக் குறுக்குவழி தெரியும். எந்த அரக்கனுக்கு எந்த முழங்கால் பலவீனம் என்று தெரியும். எந்த வாளோடு எந்தக் கவசத்தைச் சேர்த்தால் கடைசியில் கண்ணீர் விட நேரும் என்று தெரியும். இதையெல்லாம் எங்கே கற்றார் என்கிறீர்களா? இவரைப் போலவே அதை விளையாடாத இன்னொருவரிடம்.

இன்னும் ஓர் அடையாளம் உண்டு. "முன்ன மாதிரி இல்லங்க, கெடுத்துட்டாங்க" என்று பெருமூச்சு விடுவார். வெளிவராத விளையாட்டைத்தான் சொல்கிறார்.

எனக்குத் தெரிந்த ஒருவரை நண்பர்கள் 'தளபதி' என்று அழைக்கிறார்கள். கேலியாக வைத்த பெயர். அவர் அதைப் பதவியாக ஏற்றுக்கொண்டார். மெத்தைக் கடையில் மேலாளர். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் விரிப்பில்லாத மெத்தைகள் வரிசையாகக் கிடக்க, வருபவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, கூச்சத்தோடு படுத்து, கூரையைப் பார்த்து யோசிப்பார்கள். அவர்களின் தலைமாட்டில் நின்று அறிவுரை சொல்வது இவர் வேலை.

"ரொம்ப மெத்துன்னு இருக்கே, முதுகு வலிக்கு ஆகுமா?" என்பார் படுத்திருப்பவர்.

"அதான் சார் விஷயமே. மெத்துன்னு இருக்கணுமா, தாங்கணுமா? ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. வாள்வீரனுக்கும் கேடயக்காரனுக்கும் இதே பிரச்சினைதான்."

"யாருக்கு?"

"நீங்க ஒருக்களிச்சுப் படுங்க சார், சொல்றேன்."

படுத்தவர் எழுந்து போக முடியாத தொழில் பார்ப்பவரிடம் கருத்து இருப்பது ஆபத்தானது.

இப்படி இருக்கையில் அந்தக் கம்பெனி ஒரு காரியம் செய்தது. போரைத் திறப்பதற்கு முன்பே, வீரனைப் படைக்கும் அறையை மட்டும் திறந்துவிட்டது. உள்ளே போகலாம், உங்கள் வீரனின் முகம், உடல், வாளா வில்லா என்று அவன் எந்தப் பிரிவு என்பதையெல்லாம் தேர்ந்தெடுக்கலாம், சண்டை மட்டும் போட முடியாது. போர் திறக்கும் நொடி வரை பிரிவை மாற்றிக்கொள்ளலாம். திறந்த பிறகு மாற்ற வேண்டுமென்றால் அந்த வீரனை அழித்துவிட்டு முதலிலிருந்து படைக்க வேண்டும்.

தன்னைத் தானே படைத்துக்கொள்ளும் வாய்ப்பு மனிதனுக்குக் கிடைப்பதில்லை என்று தத்துவ நூல்கள் காலங்காலமாகக் குறைபட்டு வருகின்றன. கிடைத்தால் என்ன செய்வான் என்பதை நான் பார்த்துவிட்டேன். மூக்கைச் சிறிதாக்குவான்.

தளபதி மூக்கில் தொடங்கினார். சிறிதாக்கினார், பெரிதாக்கினார், பக்கவாட்டில் திருப்பினார், நிலவொளியில் வைத்துப் பார்த்தார். புருவத்துக்கு வந்தார். வீரம் தெரிய வேண்டும், ஆனால் கோபக்காரன் என்று நினைத்துவிடக் கூடாது. சோகம் வேண்டும், ஆனால் தோற்றவன் போல இருக்கக் கூடாது. இரண்டு புருவங்களை மனைவியிடம் காட்டி, "எது?" என்றார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அன்று தளபதி தட்டைக் கணினிக்கு முன்னால் எடுத்துப்போய்ச் சாப்பிட்டார்.

பிறகுதான் யாரோ அவரிடம் ஓர் உண்மையைச் சொன்னார்கள்: விளையாடும்போது திரையில் தெரிவது வீரனின் முதுகு மட்டும். முகத்தை எதிரிதான் பார்ப்பான், அதுவும் சாகும் அவசரத்தில். இன்னொருவராக இருந்தால் இந்த இடத்தில் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார். தளபதி முதுகைச் செதுக்க ஆரம்பித்தார். தோள்பட்டை எலும்பு, நடுவில் ஓடும் பள்ளம், ஒரு பழைய தழும்பு. அந்தத் தழும்பு எந்தப் போரில் வந்தது என்பதற்குக் கதையும் வைத்திருந்தார்.

மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். வலியோடு வருபவர்களை உட்காரச் சொல்வதும், அடுத்தது யார் என்று கூப்பிடுவதுமாக அவர் நாள் போகும். தலையைத் துவட்டிக்கொண்டே தன் வீராங்கனையைப் படைத்தவர் அவர். 'அடுத்து', 'அடுத்து' என்று அழுத்திக்கொண்டே போய், கம்பெனி கொடுத்த முகத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்.

"இந்த மூஞ்சியோடவா சண்டைக்கு வரப்போற?" என்றார் தளபதி.

"பல்லு வலின்னு வர்றவங்க என் மூஞ்சியையா பாக்குறாங்க?"

படை அமைப்பு வந்தது. நால்வர் சேர்ந்து போகும் விளையாட்டு அது. தளபதி, மனைவி, மனைவியின் தம்பி, கடையின் மெத்தை வண்டியை ஓட்டுபவர். தம்பி பள்ளியில் கணக்குச் சொல்லித்தருபவர், அவருக்குக் கேடயம். வண்டிக்காரருக்கு மந்திரக்கோல். மனைவிக்கு வில், தூரத்தில் நின்றால் போதும் என்பதால். தனக்கு வாள். மெத்தை வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் உட்புறத்தில் இந்த வியூகத்தை வரைந்து, கடையின் பின்னறையில் சாய்த்து வைத்திருந்தார்.

ஓர் இடம் காலியாக இருந்தது. ஹீலர்.

யாராவது கீழே விழுந்தால் ஓடிப்போய் எழுப்பிவிடுபவர்தான் ஹீலர். வாள் கிடையாது. பின்னால் நின்று, மற்றவர்களின் உயிர் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று கண் வைத்திருந்து, குறைந்தால் உள்ளங்கையிலிருந்து ஒரு பச்சை ஒளியை அனுப்ப வேண்டும். அது இல்லாமல் எந்தப் படையும் முதல் பாலத்தைத் தாண்டாது. அதன் அவசியத்தைப் பற்றித் தளபதி மூன்று பேருக்கும் ஒரு சொற்பொழிவே ஆற்றினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கடமை என்கிற கருத்தில் யாருக்கும் மாறுபாடு இருந்ததில்லை, அது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை.

அன்று மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே மனைவி சொன்னார்: "நான் விளையாட வர்றேன். ஒரே ஒரு கண்டிஷன். ஹீலர் நீங்கதான்."

"நானா? நான் படைக்கு முன்னாடி நிக்கணும்மா. வியூகம்னு ஒண்ணு இருக்குல்ல."

"அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப, நான் குளிச்சிட்டு வர்ற வரைக்கும் கட்டில் பக்கத்துல உக்காருங்கன்னு சொன்னேன். திரும்பி வந்தா நீங்க வராண்டாவுல நின்னு, எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்னு சித்தப்பாவுக்குச் சொல்லிட்டு இருந்தீங்க. உள்ள அப்பா தண்ணி டம்ளருக்குக் கை நீட்டி, எட்டாம படுத்திருந்தாரு."

"அதை இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா?"

"நான் விழுந்தா நீங்க பக்கத்துல இருப்பீங்களான்னு தெரிஞ்சுக்கணுங்க. நிஜத்துல விழுந்து பாக்க பயமா இருக்கு. இது விளையாட்டுதானே, இதுல பாத்துக்கலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையிலிருந்த சட்டையை மட்டும் இரண்டாவது முறையாகப் பிரித்து மடித்தார்.

தளபதி வாக்குக் கொடுத்தார். உண்மையாகவே கொடுத்தார், அதில் சந்தேகம் வேண்டாம். இந்த இனத்தார் பொய் சொல்வதில்லை. சொல்லும் கணத்தில் அந்த மனிதராகவே ஆகிவிடுகிறார்கள். அடுத்த கணத்தில்தான் வேறு யாராவது ஆகிறார்கள்.

போர் திறக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் தன் ஹீலரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க உட்கார்ந்தார். ஹீலருக்கு ஒரு நீண்ட அங்கி உண்டு. தோளிலிருந்து கணுக்கால் வரை. எத்தனை மாலைகள் செதுக்கிய முதுகு! அந்தப் பள்ளம், அந்தத் தழும்பு, கதையோடு சேர்த்து, எல்லாம் போர்வைக்குள். வாள்வீரனுக்கோ முதுகு திறந்திருக்கும். கேடயம் இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, அவளோ தூரத்தில் நிற்கப் போகிறாள், விழ எங்கே நேரம்? இப்படி யோசித்தார். விரல் அதற்கு முன்பே வேலையை முடித்திருந்தது.

மதியம் விளையாட்டின் கதவு திறந்தது. தளபதி கூடத்து மூலையில் பெரிய கணினியில். மனைவி சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு. மற்ற இருவரும் அவரவர் வீட்டிலிருந்து ஹெட்செட்டில். மாய உலகின் பசும்புல் வெளியில் நால்வரும் வந்து இறங்கினார்கள்.

மூன்று வாள்வீரர்கள். ஒரு வில்.

தளபதி ஒவ்வொரு முதுகாக எண்ணிப் பார்த்தார்.

"மச்சான், கேடயம் எங்க?" என்றார் தளபதி.

"இல்ல மாமா, நாலு பேர்ல ஒரு கேடயம் குறைஞ்சா பெருசா என்னன்னு ஒரு கணக்குப் போட்டேன்... ஆமா, நீங்க ஹீலர்தானே?"

"அதை அப்புறம் பேசிக்கலாம். வண்டிக்காரரே, மந்திரக்கோல் என்னாச்சு?"

"சார், வாரம் பூரா மெத்தையத் தூக்குறேன். ஞாயித்துக்கிழமையாவது வாளத் தூக்கலாம்னு ஒரு ஆசை சார்."

சாப்பாட்டு மேசையில் மனைவி திரையில் தெரிந்த அழகான முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி வந்தது. அரக்கன்கூட இல்லை, கொஞ்சம் கொம்பு முளைத்த பன்றி. மூன்று வாள்வீரர்களும் ஒரே நேரத்தில் பாய்ந்து, ஒருவர் வாளை ஒருவர் மறித்து, ஒரே இடத்தில் சுழன்றார்கள். பன்றி அவர்களைப் பொருட்படுத்தவில்லை. தூரத்திலிருந்து அம்பு விட்டவரைத் தேடிப் போய் முட்டியது. மனைவியின் வீராங்கனை புல்லில் சாய்ந்தாள். அவர் திரை சாம்பல் நிறமானது.

"என்னங்க."

"ஒரு நிமிஷம்மா!"

"நான் கீழ கிடக்கேன்."

"தெரியுது, தெரியுது! இந்த அடி மட்டும் முழுசா முடியட்டும், இதை நடுவுல விட்டா வேஸ்ட்!"

"சரி" என்றார் மனைவி. அந்த ஒரு சொல்லை அவர் மருத்துவமனை வராண்டாவிலும் சொல்லியிருக்கக்கூடும்.

அப்போது அந்தப் பக்கமாக ஒரு வழிப்போக்கன் வந்தான். மொட்டைத் தலை, கம்பெனி கொடுத்த மூஞ்சி, விசைப்பலகையில் கை பட்டபடி விழுந்த எழுத்துகளே பெயர். குனிந்தான். பச்சை ஒளி. அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

மனைவி நன்றி என்று தட்டச்சு செய்தார். 'ஹீலருக்கு ஆள் இல்லன்னு பேசிக்கிட்டாங்க, அதான் எடுத்தேன். பாலத்துக்குப் போறேன், வர்றீங்களா?' என்று பதில் வந்தது.

பன்றி ஒருவழியாகச் செத்தது. தளபதி வெற்றியோடு திரும்பிப் பார்த்தபோது, வில்லும் மொட்டைத் தலையும் பாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தன.

"எங்க போற? அவன் யாருன்னே தெரியாது!" என்று கூடத்து மூலையிலிருந்து கத்தினார். ஹெட்செட்டிலும் அதே கத்தல் கேட்டது.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அவரு யாருன்னு தெரியாதுங்க. நீங்க யாருன்னு தெரிஞ்சிடுச்சு."

ஹெட்செட்டில் இருந்த இருவரும், வீட்டில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லிக் கழன்றுகொண்டார்கள்.

தளபதியைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு உறைத்தது. நன்றாகவே உறைத்தது. அந்த வாள்வீரனை, முதுகோடும் தழும்போடும் சேர்த்து, அப்போதே அழித்தார். அவருடைய வாழ்க்கையில் நான் கேள்விப்பட்ட ஒரே துணிச்சலான காரியம் அதுதான். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். புதிதாக ஒரு ஹீலரைப் படைக்க உட்கார்ந்தார். அங்கி, உள்ளங்கை ஒளி, எல்லாம் சரி.

மனைவி பாலத்தைத் தாண்டி, அதற்கடுத்த கோட்டையையும் பார்த்துவிட்டு, மடிக்கணினியை மூடிக்கொண்டு அவர் பின்னால் வந்து நின்றார்.

"ஹீலரா?"

"ஹீலர்தான். இந்தத் தடவை சத்தியமா."

"அப்போ வாங்க, இப்பவே போலாம். நான் மறுபடியும் திறக்கிறேன்."

"ரெண்டே நிமிஷம்மா" என்றார் தளபதி, திரைக்கு இன்னும் நெருக்கமாகக் குனிந்து. "கருணை தெரியணும்ல. இந்த ரெண்டு புருவத்துல எது?"

மனைவி விளக்கை அணைக்காமல் போய்ப் படுத்துக்கொண்டார். மெத்தை மட்டும் அந்த வீட்டில் முதல் தரம்.

இனி உங்களிடம் வருகிறேன். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். நடுவில் எங்கோ ஓர் இடத்தில், 'நானாக இருந்தால் எந்தப் பிரிவை எடுத்திருப்பேன்' என்று உங்களுக்குள் ஒரு கேள்வி ஓடியது, வேண்டாம், மறுக்காதீர்கள். வாளா, வில்லா, மந்திரமா என்று கொஞ்சம் தயங்கவும் செய்தீர்கள்.

ஹீலர் உங்கள் நினைவுக்கு வந்ததா? வந்ததென்றால் மகிழ்ச்சி. பக்கத்து அறையிலிருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. இந்தப் பக்கம் முடியட்டும் என்றுதானே இருக்கிறீர்கள்?