சாம்பாருக்கு வாதாடியவன்

சட்டக் கல்லூரியில் சேர்கிற எல்லோரும் சட்டத்தைப் படிக்கிறார்கள். காலையில் படித்ததைச் சாயங்காலமே பஸ் ஸ்டாப்பில் கண்ணில் பட்ட முதல் ஆள்மேல் பிரயோகித்துப் பார்த்தவன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் என் வகுப்பில் வந்து உட்கார்ந்தது என் ஜாதக விசேஷம்.

அவனுடைய நிஜப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. எங்களுக்கு அவன் 'மை லார்டு'. கண்டக்டர், வாட்ச்மேன், கொய்யாப்பழம் விற்கும் அம்மா, யாராக இருந்தாலும் அவன் அப்படித்தான் கூப்பிடுவான் என்பதால், அந்தப் பெயர் அவன்மேலேயே ஒட்டிக்கொண்டது. திருமழிசைக்காரன். அம்மாவுக்கு அங்கே தொழிற்பேட்டையில் பேக்கிங் வேலை. வேலப்பன்சாவடிப் பக்கம் இருந்த எங்கள் கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம். வேப்பம்பட்டிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருகிற நான் அவனுக்கு முன்னால் வகுப்பில் இருப்பேன். அவனோ வழியில் யாரிடமாவது சட்டம் பேசிக்கொண்டு இருப்பான்.

முதல் செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம். அந்த வாரம் கேன்டீன் போர்டில் 'எலுமிச்சை சாதம்' என்று எழுதியிருந்தது. கேட்டால் இல்லை என்றார் கேன்டீன் அண்ணன். நாங்கள் பசியில் சண்டைக்குப் போனோம். மை லார்டு குறுக்கே வந்து நின்றான்.

"போர்டுல எழுதிகீறது ஆஃபர் இல்ல மை லார்டு, சும்மா வா வான்னு கூப்புடுறது. நீ வந்து கேக்குறதுதான் ஆஃபர். அண்ணன் ஒத்துகினாதான் கான்ட்ராக்ட். அவுரு இன்னும் ஒத்துக்கவேயில்லையே."

அண்ணன் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. மறுநாள் முதல் போர்டில் பிரியாணி, மீன் வறுவல், கொத்து பரோட்டா எல்லாம் வந்தன. உள்ளே தயிர் சாதம் மட்டும் இருந்தது. கேட்டால், "போர்டு வெறும் அழைப்புதாம்மா. சட்டமே அப்டித்தான் கீதாம்" என்பார்.

அடுத்தது தீங்கியல் சட்டம், அதாவது ஒருவன் கவனக்குறைவால் இன்னொருவனுக்கு வரும் நஷ்டத்துக்கு ஈடு கேட்கிற சட்டம். எந்த ஊரிலோ, எந்தக் காலத்திலோ, பானப் பாட்டிலுக்குள் நத்தை கிடந்ததாக ஒரு வழக்கு வரும். அதைப் படித்த நாளிலிருந்து பன்னீர் சோடா வாங்கினால் வெயிலில் தூக்கிப் பிடித்து, மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பான். நத்தை இல்லை என்றால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும் அவனுக்கு.

இரண்டாம் வருஷம் பழைய தண்டனைச் சட்டத்தின் ஐந்நூற்றுப் பதினோரு பிரிவுகளையும் மனப்பாடம் செய்தான். முடித்த சூட்டோடு அரசாங்கம் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. நானூற்று இருபது இருந்த இடத்தில் முந்நூற்றுப் பதினெட்டு. அவன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பதினாறாம் நாள் பழைய புத்தகத்துக்கு மாலை போட்டு, வகுப்புக்கே வடை பாயசம் கொண்டுவந்தான்.

"இனிமே ஒர்த்தனைத் திட்டணும்னாகூட முன்னூத்திப் பதினெட்டுன்னு திட்டணும் மை லார்டு. அது வாயில நிக்குமா?" என்று கேட்டான். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. பாயசம் நன்றாக இருந்தது.

ஆனால் அவனை முழுசாகக் கெடுத்தது மாதிரி நீதிமன்றம். சட்டப் படிப்பில் இது முக்கியமான சமாச்சாரம். ஒரு கற்பனை வழக்கைக் கொடுப்பார்கள். அணிக்கு மூன்று பேர். இரண்டு பேர் வாதாடுவார்கள், மூன்றாவது ஆள் தேடிப் படித்து, வாயைத் திறக்காமல் துண்டுச் சீட்டு நீட்ட வேண்டும். எங்கள் அணியில் அந்த மூன்றாவது ஆள் நான். நாலு பேர் பார்த்தால் என் குரல் தொண்டையைத் தாண்டாது. எந்தத் தரப்புக்கு வாதாடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள் என்பதால், இரண்டு தரப்புக்கும் தயாராகப் போக வேண்டும்.

இந்தச் சீட்டுக் குலுக்கல் அவனுக்குப் பைத்தியமாகவே பிடித்துவிட்டது. இதுதான் உலகத்திலேயே நியாயமான ஏற்பாடு என்றான். கேன்டீன் சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று வகுப்பே புகார் எழுதியபோது, நிர்வாகத்திடம் பேசப்போவது அவன்தான் என்று முடிவாயிற்று. அவன் சீட்டுக் குலுக்கினான். சாம்பார் தரப்பு வந்தது. அரை மணி நேரம் சாம்பாருக்காக வாதாடினான். பருப்பு அடியில் கீது, கரண்டியை ஆழமா வுடாதது மாணவர்களோட கவனக்குறைவு என்று முடித்தான். வழக்கில் ஜெயித்தான். அந்த வருஷம் முழுக்க அதே சாம்பாரைக் குடித்தோம்.

கடைசி வருஷம்தான் வினை வந்தது. பாடத்திட்டப்படி நிஜக் கோர்ட்டில் இரண்டு விசாரணைகளைப் பார்த்துக் குறிப்பெழுதினால் போதும். பூந்தமல்லி கோர்ட்டுக்கு ஒருநாள் போனவன் திரும்பி வகுப்புக்கே வரவில்லை. டிபன் டப்பாவோடு தினமும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டான். தண்ணி மோட்டார் திருட்டு முதல் சொத்துத் தகராறு வரை ஆறு நோட்டு நிரம்பியது. வருகைப் பதிவேடு காலியானது. பரீட்சை எழுத விட மாட்டோம், ஒரு வருஷம் மறுபடி படி என்றது அலுவலகம். அந்தச் செய்தியை அவன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை என்று என்னிடம் சொன்னபோதுதான் அவன் பயந்ததை நான் முதன்முதலில் பார்த்தேன்.

பிரின்சிபால் நினைத்தால் விலக்குக் கொடுக்கலாம். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஃபைலில் கையெழுத்துப் போட்டுப் போட்டு, ஒரு வழக்கைக் கண்ணால் பார்க்க மாட்டோமா என்று ஏங்கிக்கொண்டிருந்த மனிதர். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு மை லார்டு உள்ளே போனான். நோட்டுகளை மேஜைமேல் வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்தான்.

"டேய், வேணாம்டா. இது உன்னோட கேஸு" என்றேன்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் மை லார்டு. நீயே எடு."

பிரின்சிபால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நடுங்கிக்கொண்டே எடுத்தேன். எனக்கு வந்தது மாணவன் தரப்பு. அவனுக்கு வந்தது கல்லூரித் தரப்பு.

அவன் தொண்டையைச் செருமினான். "கனம் கோர்ட்டார் அவர்களே, இந்த நோட்டை எழுதுனது அந்த மாணவரே, கையெழுத்து போட்டதும் அவரே. கோர்ட்டுக்குப் போனதைப் பாத்த சாட்சி யாரு? பூந்தமல்லிக்குன்னு கெளம்பி, ஊட்டுலயே படுத்துகினு இருந்தா நமக்கு இன்னா தெரியும்? அந்தாளை எனக்கு நல்லாத் தெரியும் மை லார்டு. நம்பாதீங்க."

பிரின்சிபால் மெதுவாகத் தலையாட்டினார். வாதம் அவ்வளவு கச்சிதம். தன் ஒரு வருஷத்தைத் தானே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கை கட்டி நின்றான் பாவி. எனக்கு வந்த கோபத்தில் நடுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"எதிர்த்தரப்பு வக்கீலை ஒரு கேள்வி கேக்கணும் சார்" என்றேன். என் குரல்தான் அது. "தண்ணி மோட்டார் திருட்டுக் கேஸ்ல சாட்சி எந்த இடத்துல மாட்டினாரு?"

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டபின் பேசாமல் இருக்க அவனால் முடியுமா?

"அது செம கேஸு மை லார்டு. மாடிலேர்ந்து பாத்தேன்னு சாட்சி சொன்னாரு. வக்கீல் பொறுமையா கேட்டாரு, உன் ஊட்டுக்கு மாடி எப்ப கட்டுனேன்னு. ஓலைக் குடிசை மை லார்டு அவரு ஊடு. ஜட்ஜம்மாவே பேனாவைக் கீழ வெச்சிட்டாங்க."

பிரின்சிபால் அடுத்த கேள்வி கேட்டார். அதற்கும் பதில் வந்தது. வாய்தா வாங்கியது யார், சாட்சியின் சட்டை என்ன நிறம், மின்விசிறி எந்தப் பக்கம் ஓடவில்லை என்று முக்கால் மணி நேரம் போனது. மேஜையில் இருந்த டீ ஆறிப்போனது.

"போகாத ஆள் இவ்வளவையும் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று சொல்லிப் பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தான்.

"தோத்துட்டேன் மை லார்டு. ஒரே ஒரு கேள்வியில வுட்டுட்டேன்."

எனக்குப் பேச்சு வரட்டும் என்று அவன் திட்டம் போட்டுச் செய்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். அவ்வளவு சூழ்ச்சியெல்லாம் அவனுக்குக் கிடையாது. அவன் நிஜமாகவே தோற்றதற்குத்தான் வருத்தப்பட்டான்.

பரீட்சை எழுதினான், பாஸும் ஆனான். இப்போது இருவருமே பூந்தமல்லியில்தான் தொழில் செய்கிறோம். என் வழக்கு நடக்கும்போது அவன் சும்மா இருந்தால், டிபன் டப்பாவோடு கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிடுவான். எங்கள் கோர்ட்டில் நீதிபதியை 'யுவர் ஆனர்' என்றுதான் அழைக்க வேண்டும். 'மை லார்டு' என்று நான் மனதாரக் கூப்பிடும் ஒரே ஆள் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் இருக்கிறான் என்று தெரிந்தால் என் குரல் நடுங்குவதே இல்லை.