பதினான்காம் எண்ணுக்குப் பேர் போடவும்

திண்டிவனம்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பிற்குரிய முனைவர் கலைப்பிரியா அவர்களுக்கு,

உன் பெரியப்பா அப்பாதுரை எழுதுவது. நீ எனக்கு எண் கொடுத்துவிட்டதால் நானும் உனக்குப் பட்டம் போட்டே எழுதுகிறேன். இங்கே நானும் உன் பெரியம்மா தைலம்மாளும் பழைய ரெக்கார்டிங் மெஷினும் நலம். மாப்பிள்ளையையும், உன்னிடம் படிக்கும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

கேசட் பதியும் கடைகளைப் பற்றி நீ எழுதிய ஆராய்ச்சிப் புத்தகம் வந்தது. முழுக்க இங்கிலீஷ் என்பதால் பின்தெரு ஜெசிந்தா டீச்சர் சாயங்காலம் வந்து படித்துத் தமிழில் சொல்கிறார். முதலில் கடைசிப் பக்கத்து அகரவரிசையைத்தான் பார்க்கச் சொன்னேன். ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, ஆன்டெனா இருக்கிறது, அடுத்து அப்பாதுரை நிற்க வேண்டிய இடத்தில் ஆடியோ நிற்கிறது. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "தகவலாளர் பதினாலு, திண்டிவனம்னு ஒருத்தர் வர்றாருங்க, நீங்கதான் போலருக்கு" என்றார். ஆராய்ச்சியில் பேரை மறைப்பதுதான் மரியாதையாம். முப்பது வருசம் ரெக்கார்டிங் கடை வாசலில் ஒரு முழ எழுத்தில் பேர் எழுதி வைத்துக்கினு உட்கார்ந்தவனுக்கு எதுக்கும்மா இந்த மரியாதை? நான் இன்னா தலைமறைவா? வெட்கத்தில், பேர் பெரிய எழுத்தில் வந்திருக்கிறது என்று உன் பெரியம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டீச்சரும் இதுவரை காட்டிக்கொடுக்கவில்லை.

தகவலாளர் ஒன்பது, விழுப்புரம் என்று வருவது என் சகலையும் உன்னைப் பெற்றவருமான ஜெகதீசன்தான் என்பது எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கத்தில் ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதியும் டபுள் டெக் மெஷினை முதலில் இறக்கியது தான்தான் என்று அவர் சொல்ல, நீயும் எழுதிவிட்டாய். பெற்ற அப்பன் சொன்னால் ஆராய்ச்சி சரிபார்க்காதா? புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் பிள்ளை மாதிரி மடியில் வைத்து நான் கொண்டுவந்ததை, உன் அம்மாவோடு வந்து பார்த்து, மோர் குடித்துவிட்டுப் போய்த்தான் அவர் தனக்கு ஒன்று வாங்கினார்.

அப்புறம் பாட்டில் வரும் அந்த பேஸ் என்கிற கனத்த சத்தம். திண்டிவனத்துப் பதிவில் மட்டும் அது தூக்கலாக இருப்பதற்கு எட்டுப் பக்கம் காரணம் எழுதியிருக்கிறாய். பம்பை, உடுக்கை, உழவர் உடம்பு என்று என்னென்னவோ வருகிறது, டீச்சரே தண்ணி வாங்கிக் குடித்துவிட்டுத்தான் மேலே படித்தார். எண்பத்தெட்டில் பேஸ் திருகு உடைந்து, முழுசாக ஏறின இடத்திலேயே மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான். கழற்றலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தபோது அனந்தபுரத்து டீக்கடைக்காரர் வந்து, "அந்த டம்மு டம்முன்னு வர்றதுலயே இன்னொன்னு குடுங்க" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

கேசட்டுக்கு ஒரு படிப்பா என்று சொந்தக்காரர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது பந்தியில் எழுந்து சண்டை போட்டு, பாயசம் வருமுன் வெளியேறியவன் நான். ரேடியோவைப் பிரித்துப் பிரித்தே தொழில் கற்ற எனக்கு, உனக்குப் பட்டம் வந்ததில் உன் அப்பாவைவிடப் பெருமை. அந்தப் பெருமைக்கு எண் போதாது. ஆகவே அடுத்த பதிப்பில் என் பேர், தகப்பனார் பேர், கடைப் பேர், ஒரு போட்டோ. ஒரு புள்ளியும் விட்டுத்தர மாட்டேன்.

திருவக்கரை அம்மன் உன் கண்ணையும் காதையும் நூறு வருசம் காக்கட்டும். உன் வாழ்க்கை சிக்காத டேப்பாக ஓடட்டும்.

இப்படிக்கு,
பேருள்ள உன் பெரியப்பா,
சி. அப்பாதுரை

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் டீச்சர் வந்துவிட்டார். உன் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவசரக் கிராக்கி ஒருத்தருக்கு பிளாங்க் கேசட் கிடைக்காமல், மாமியார் நடவுப் பாட்டு பாடி வைத்திருந்த கேசட்டின் மேலேயே தகவலாளர் பதினாலு சினிமாப் பாட்டைப் பதிந்துவிட்டார் என்று டீச்சர் படித்தார். அடுத்த வரியைப் பார்த்தவர் அப்படியே விழுங்கிவிட்டார். உன் பெரியம்மா கை நின்றது. "பொண்டாட்டியப் பெத்தவ கொரல அழிச்சிட்டு அவகிட்ட இன்னா கதை சொன்னானோ பாவி. எங்கம்மா கேசட்டயாவது தங்கச்சி வூட்டு மெஷினு தின்னுச்சி. யாரு டீச்சர் அந்தப் பதினாலு?" என்றாள். டீச்சர் என்னைப் பார்த்தார். வெளியூர் ஆள் என்றேன். அவள் முறத்துத் தொலியை ஊதினாள்.

ஆகவே பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம். திண்டிவனம் என்பதையும் முகையூர் என்று மாற்றிவிடு. நான் அழித்ததற்கு முப்பத்தைந்து வருசம் உன் அப்பா மெஷின் பழி சுமந்திருக்கிறது, டபுள் டெக்கை அவரே முதலில் கொண்டுவந்ததாக இருக்கட்டும். பொங்கலுக்கு நீ வந்ததும் அந்தப் பதினாலு யார் என்று உன்னிடமே கேட்கப்போகிறாளாம். சொல்லிடாத கண்ணு.