கொம்பில் மஞ்சள் துணி

மாட்டை அடைத்துவிட்டு மானுக்குக் கும்பிடு போட்ட மனிதர் இந்தப் பூலோகத்திலேயே எங்கள் பவுண்டுக்காரர் ஒருவர்தான். ஐம்பதுகளில் உத்திரமேரூரில், பிறர் பயிரை மேய்ந்த மாடுகளைப் பிடித்து அடைக்கும் பவுண்டு அவர் பொறுப்பில் இருந்தது. அவர் தலையைக் கண்டால் எங்கள் கிழட்டு எருமைகூட ஓட்டமாய் வீடு திரும்பும். சொந்த மச்சான் மாட்டையே அடைத்தவர். அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அவருக்கு அழைப்பே வரவில்லை.

அப்பேர்ப்பட்டவர், ஏரிக்கு அப்பால் புல்வெளியில் மேயும் வெளிமான் கூட்டத்தைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அவை வேர்க்கடலைக் கொல்லையில் புகுந்ததாகப் புகார் வந்தால், "கொம்பு முறுக்கிக்கினு கீற மாட்டுக்கு என் பவுண்டுல எடமில்லே" என்று அனுப்பிவிடுவார்.

கொல்லைக்காரர் கோதண்டம் பொறுத்துப் பார்த்தார். கடைசியில் பட்டணத்திலிருந்து துப்பாக்கிக்காரர்களை வரச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையோடு கூட்டமே தீர்ந்தது என்று ஊரில் பேச்சு.

பவுண்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சனிக்கிழமை என்னிடம் வந்தார்.

"நைனா, கோயில் மாடு கொல்லையில மேஞ்சா எவனாவது கை வைப்பானா?"

மாட்டான் என்றேன்.

"அப்போ மானையும் சாமிக்கு நேந்து வுட்டுட்டா?"

"மஞ்சத்துணி கட்டணுமே அண்ணே. அது நின்னு கட்டிக்கினு போவுமா?"

அதற்கும் வழி வைத்திருந்தார். கூட்டத்தின் பெரிய கிடா தினமும் கொம்பு தேய்க்கும் புதரில் மஞ்சள் துணியைத் தொங்கவிட்டு வந்தார். எனக்குச் சிரிப்பு.

மறுநாள் ஜீப் வந்தது. வழிகாட்ட முன்னால் கோதண்டம். புல்வெளி திரும்பியதும் எதிரே கிடா நின்றது. கொம்பில் மஞ்சள் துணி, மாப்பிள்ளை மாதிரி. கோதண்டம் வண்டி நிற்குமுன்னே குதித்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துப்பாக்கிக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"சாமிக்கு வுட்டதுங்க. சுட்டா என் வம்சம் வெளங்காது. வண்டியத் திருப்புங்க."

வந்தவர்கள் ஏதேதோ சொல்லிப் பார்த்தார்கள். மனிதர் நகரவில்லை. அவர்கள் கடைத்தெருவில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு பட்டணம் போய்ச் சேர்ந்தார்கள்.

சாயங்காலம் பவுண்டுக்காரர் கண் கலங்கி வந்தார். "தொங்கவுட்டதுதான் நானு. சாமி நெசமாவே ஏத்துக்கினாரு, நைனா." அப்போதே என்னை இழுத்துக்கொண்டு திருப்புலிவனம் போய்ச் சிவன் சன்னதியில் தேங்காய் உடைத்தார். அதற்குப் பிறகு அந்த மான்களை யாரும் கல்லெடுத்துக்கூட அடிக்கவில்லை.

அவர் போய் வெகுகாலம் ஆகிறது. அமாவாசையில் அப்பா, அம்மாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடும்போது அவருக்கும் ஒரு கை விடுகிறேன். அவர் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. 'பவுண்டுக்காரருக்கு' என்றுதான் சொல்கிறேன். ஈசுவரனுக்கு ஆள் தெரியும்.