ஒரு மச்சானுக்கு ஐந்து சதம்

மனிதர்களை எத்தனையோ விதமாகப் பிரிக்கலாம். நம்முடைய ஆராய்ச்சிக்கு இரண்டு வகை போதும். சங்கம் என்று ஒன்று கூடினால் மெல்ல நழுவிவிடுகிறவர் ஒரு வகை. அது எங்கே கூடுகிறது, சந்தா எவ்வளவு என்று விசாரித்துக்கொண்டு ஓடுகிறவர் மற்ற வகை. இந்த இரண்டாமவருக்குச் 'சந்தாப் பிரியர்' என்று பெயர் வைப்போம். புளியந்தீவிலிருந்து கல்குடா வரைக்கும் இவர் இல்லாத ஊர் கிடையாது. அடையாளம் காண்பதும் சுலபம். சட்டைப் பையில் எப்போதும் மூன்று பற்றுச்சீட்டு வைத்திருப்பார். "நேற்று எங்கள் கூட்டத்தில்" என்று தொடங்காமல், மழை வரப்போகிறது என்றுகூட இவரால் சொல்ல முடியாது.

அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த கனகசிங்கம் இந்த வகையில் ஒரு முதல்தர மாதிரி. மனைவி அன்னப்பூரணி. ஒரே மகள் இராசாத்திக்குக் கல்யாண வயது. ஊரிலிருந்த சங்கங்களில் அவர் சேராமல் பாக்கி விட்டது 'சகோதரர் ஐக்கிய சபை' ஒன்றைத்தான். அதில் சேரவும் ஒரு நியாயம் கிடைத்தது. சபையின் காரியதரிசி, கோட்டில் வழக்குப் பேசும் பிறக்கிராசி நல்லரத்தினம். அவருடைய மகன் தபால் கந்தோரில் உத்தியோகம். இராசாத்திக்கு அந்தப் பையன்தான் என்று அன்னப்பூரணி ஒரு வருஷமாக மனதுக்குள் முடிந்து வைத்திருந்தாள்.

"கிட்டப் போனாத்தானே புள்ள, பேச்சு வரும்?" என்றார் கனகசிங்கம்.

நல்ல காரணம்தான். சந்தாப் பிரியர் காரணமில்லாமல் எந்தச் சங்கத்திலும் சேர்வதில்லை. சேர்ந்த பிறகு அந்தக் காரணம் அவருக்கு ஞாபகமிருக்குமா என்பதுதான் கேள்வி.

பிரவேசக் கட்டணம் பத்து ரூபாய். அதோடு போயிற்றா? வாவிக் காற்றும் ஓய்ந்துபோன சித்திரை மாதத்துப் பிற்பகலில் கழுத்துவரை பொத்தான் பூட்டி அவிந்துபோவதற்கு ஒரு கறுப்புக் கம்பளிக் கோட்டு, நடக்கவே விடாத சப்பாத்து, அந்தச் சப்பாத்துக் கடித்த இடத்துக்குத் தடவ எண்ணெய், தோளுக்குக் குறுக்கே சிவப்புப் பட்டி, புதுச் சகோதரர் பழைய சகோதரர்களைப் பசியாற்ற வேண்டும் என்ற வழக்கப்படி இருபத்திரண்டு பேருக்கு நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும், கடைசியில் எல்லோரும் நெருக்கியடித்து நின்று பிடித்த ஒரு படம். படத்தில் கனகசிங்கத்தின் ஒரு காது மட்டும் விழுந்திருந்தது. அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார்.

"இதில எது நீங்க?" என்று கேட்டாள் அன்னப்பூரணி.

"அந்தா, மூணாம் வரிசையில, அந்தக் காது."

இவ்வளவும் சில்லறைச் செலவு. பெரிய செலவு சபையின் ஒன்பதாம் விதியில் இருந்தது: அங்கத்தவர்கள் ஒருவரையொருவர் 'சகோதரர்' என்றே அழைக்க வேண்டும், மண்டபத்துக்குள் 'மச்சான்' என்று சொன்னால், ஒரு தடவைக்கு ஐந்து சதம் குற்றக் காசு. வாய்க்கு வாய் மச்சான் போடும் மட்டக்களப்பில் இப்படி ஒரு விதி! மூச்சு விடுவதற்கு வரி போட்டது போலத்தான். முதல் கூட்டத்திலேயே கனகசிங்கத்துக்கு முப்பத்தைந்து சதம் போயிற்று. ஆனால் ஆள் விடுவாரா? பழக்கத்தை வேரோடு பிடுங்கத் தீர்மானித்து வீட்டிலும் வீதியிலும் பயிற்சி எடுத்தார். சந்தையில் மீன் விற்கும் சீனித்தம்பியைப் பார்த்து, "சகோதரர் சீனித்தம்பி அவர்களே, மணலை மீன் என்ன விலை?" என்றார்.

சீனித்தம்பியின் முகம் வாடிவிட்டது. "என்னகா மச்சான், என்னோட கோவமா?"

ஆறு மாதத்தில் நாக்கு முற்றாகத் திருந்தியது. குற்றக் காசைப் பத்துச் சதமாக்க வேண்டும் என்று பிரேரணை கொண்டுவந்தவரே கனகசிங்கம்தான். அது தோற்றது வேறு கதை. அன்னப்பூரணி கையைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிய பிறகே, ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்லரத்தினம் வீட்டுக்குப் போய்ச் சம்பந்தத்தைப் பற்றி வாயைத் திறந்தார்.

நல்லரத்தினம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காணியும் பூமியுமாகக் கொட்டிக்கொடுக்க வேறொரு இடம் காத்திருந்தது அவருக்கல்லவா தெரியும்?

"சகோதரர் கனகசிங்கம், முந்தி எண்டா சரி. உங்கட குடி வேற, என்ட குடி வேற, பொண் குடுத்து எடுக்கிற மச்சான் முறை. இப்ப நாம சத்தியம் பண்ணின சகோதரங்கள். அண்ணன் தம்பிர புள்ளைகளுக்குக் கலியாணம் செய்தா ஊர் காறித் துப்பாதா?"

பாவம், கனகசிங்கம் குனிந்த தலையோடு வீட்டுக்கு வந்து சொன்னார். உள்ளே இராசாத்தி சட்டென்று எழுந்து கிணற்றடிப் பக்கம் போனாள். அதைப் பார்த்ததும்தான், எதற்காக இந்தச் சபையில் சேர்ந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. காசு கொடுத்து இருபத்திரண்டு சகோதரர்களை வாங்கி, ஒரு மருமகனை அல்லவா தொலைத்துவிட்டார்!

அன்னப்பூரணி அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இஞ்ச பாருங்க. நம்மட ஊரில குடி வாறது ஆரால?"

"தாயால."

"உங்கட சபையில பேருக்கெண்டாலும் ஒரு பொம்புள இரிக்காளா?"

"இல்ல."

"தாயே இல்லாத இடத்தில சகோதரம் எங்கால வந்த? போய் அவருக்கிட்டக் கேளுங்க. தனியக் கேக்காதீங்க, எல்லாருக்கும் முன்னால கேளுங்க!"

அடுத்த சனிக்கிழமைக் கூட்டத்தில் கனகசிங்கம் எழுந்தார். கோட்டுக்குள் வியர்வை ஆறாக ஓடியது. ஒரு ரூபாய்க் காசை மேசையில் வைத்தார்.

"மச்சான் நல்லரத்தினம்!" என்றார். மண்டபம் திடுக்கிட்டது. "இது இருபது மச்சானுக்குக் காசு, மச்சான். நானும் நீங்களும் ஒரு தாய்ர வயித்தில பிறந்தமா மச்சான்? இல்லாட்டி என்ட மகளுக்கு உங்கட மகன் எப்பிடி மச்சான் அண்ணனாகிற?"

ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நல்லரத்தினம் முகம் சிவந்து, கையை வீசிக்கொண்டு எழுந்தார்.

"இரி மச்சான், இரி! வீட்டுக்கு வா, பேசுவம்!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். தலைவர் மீராசாஹிப், ஏறாவூர் வியாபாரி, தாய்வழிக் குடி முறை தம் வீட்டிலும் உள்ளவர், மணியை ஒரு தட்டுத் தட்டினார்.

"சகோதரர் நல்லரத்தினம், சபைக்கு அஞ்சு சதம் கட்டுங்க. மச்சான் எண்டு நீங்களே சொன்ன. அதுக்கு நாங்க இருவத்தொரு பேரும் சாட்சி."

இருபத்தொரு சாட்சிக்கு எதிராக எந்தப் பிறக்கிராசி வழக்காடுவார்? அடுத்த ஆவணியில் கல்யாணம் நடந்தது.

கனகசிங்கம் சபையை விட்டு விலகிவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போங்கள், இந்த வகையை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை. கல்யாணப் பந்தலிலேயே, மாட்டுவண்டிச் சொந்தக்காரர் சங்கத்திலும் கையெழுத்து வைத்தார். அவரிடம் வண்டியுமில்லை, மாடுமில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்: அந்தச் சகோதரர் சபையில் இப்போது இடம் இருக்குமா என்று, இதை வாசிக்கும்போது ஒரு தரமாவது தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால், பத்து ரூபாயை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்கு முன், வீட்டில் கல்யாண வயதில் யாரும் இருக்கிறார்களா என்று உள்ளே ஒரு குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கள்.