ஒட்ட மனம் வராதவர்

தபால்தலையை ஒட்டுவதற்காகத்தான் அச்சடிக்கிறார்கள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாவம், ஒட்டாதவரை நீங்கள் இன்னும் சந்திக்கவில்லை. எல்லா ஊரிலும் விளைகிற பிறவி. அடையாளம் சுலபம். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் தபால்தலையைப் பிடித்துத் தூக்குகிற சாமணம் இருக்கும்; வலது கண்ணைச் சுற்றிப் பூதக்கண்ணாடி அழுத்திய வட்டம் இருக்கும்; வீட்டுக்கு வந்து வருஷக்கணக்கான சோபாவில் கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பாலிதீன் அப்படியே இருக்கும். அதன்மேல் சரக் சரக்கென்று நெளிந்தபடி, "சோபான்னா இதுதான் சார் சோபா" என்பார். நீங்கள் உட்கார்ந்திருப்பது சோபாவில் இல்லை, பாலிதீனில் என்று யார் போய்ச் சொல்வது?

கை கொடுத்துப் பாருங்கள். நக நுனியால் தொட்டுவிட்டு எடுத்துக்கொள்வார். உங்கள் ஓரம் மடங்கிவிடக் கூடாதே என்ற கவலை.

எனக்குத் தெரிந்த ஒட்டாதவர் எதிர்வீட்டில் இருக்கிறார். ஆல்பம் ஆல்பமாகத் தபால்தலைகள். ஒரு ஓவியருக்கு நினைவுத் தபால்தலை வெளியான அன்று காலையில் அவரைப் பார்த்திருக்க வேண்டும், மாப்பிள்ளை தோற்றார். தபால் நிலையம் திறக்கும் முன்பே அவரும் சகாக்களும் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். (மூக்கை ஒட்டலாம், தோஷமில்லை.) வெளியான அன்றைய தேதியில் முத்திரை விழுந்த உறை என்றால் அவர்களுக்கு உயிர். முத்திரை குத்துகிற ஊழியரை ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டு, "மெதுவா... மெதுவா... ஓவியர் மூக்குல படாம..." என்று மூச்சைப் பிடிக்க, அவர் கையை ஓங்கியபடி கேட்டார்: "நான் என்ன சார், ஊசியா போடறேன்?"

முழுத் தாளாகவே விற்றார்கள். தாளில் பாதித் தலைகளில் ஓவியரின் முகம், மீதியில் அவருடைய புகழ்பெற்ற ஓவியம்: ஜன்னலோரம் நின்று கடிதம் பிரிக்கும் பெண். நம்மவர் இரண்டு தாள் வாங்கினார். ஒன்று வைத்துக்கொள்ள. இன்னொன்று, முதலாவதைத் தொடாமல் இருக்கும்பொருட்டுத் தொட்டுப் பார்க்க. சகாக்கள் சும்மா இருப்பார்களா? கவுண்டரில் இருந்த புதுசு, பழசு எல்லாவற்றையும் வழித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

"படம் எப்படி?" என்று கேட்டேன்.

"கோந்து பிரமாதம் சார்!"

அவர்மேல் தப்பில்லை. ஒருமுறை கண்காட்சியில் மூல ஓவியத்தையே நேரில் பார்த்தவர் அவர். திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்: "ரொம்பப் பெரிசு. ஓரத்துல பல்லே வெட்டலை."

அந்த ஓவியரோ, வேறு துணி கிடைக்காமல் போட்டிருந்த சட்டையிலேயே தூரிகையைத் துடைத்தவராம். அவருக்கு வந்து வாய்த்த ரசிகரைப் பாருங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டாதவருக்கு ஒரு மகள். அப்பா பூட்டி வைப்பதில் கெட்டிக்காரர் என்றால் மகள் கொட்டித் தீர்ப்பதில். சுவர், கதவு, தன் முழங்கை எல்லாவற்றிலும் வண்ணம். வெளியூர் ஓவியப் பள்ளியில் சேர அவளுக்குக் கொள்ளை ஆசை. தன் படங்களைத் தபாலில் அனுப்ப வேண்டும். தபால்தலை வெளியான அதே நாள்தான் கடைசி நாள்; உறையில் அந்தத் தேதி முத்திரை இருக்க வேண்டும். தவறினால் அந்த வருஷம் போச்சு. கடைசிப் படம் காய்ந்ததே அன்று மத்தியானம்தான். பெரிய காக்கி உறையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் அதே வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஸ்டாம்ப்பே இல்லையாம்மா! காலையில ஒரு கும்பல் வந்து மொத்தத்தையும் வாரிட்டுப் போயிடுச்சாம்!"

"அந்தக் கும்பல் இங்கதான் உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கு" என்றாள் அம்மா.

பாலிதீன் சரக்கென்றது. வீடு நிறையத் தபால்தலை. ஒரு உறைக்கு ஒட்ட ஒன்று கிடையாது. இதைவிடச் செல்வச் செழிப்பான வறுமையை நீங்கள் எங்காவது பார்த்ததுண்டா?

"அந்தப் பட்டாம்பூச்சியில ரெண்டு குடுங்களேம்ப்பா" என்று கெஞ்சினாள் மகள்.

"ஜோடி பிரிஞ்சிடும்."

"ரயில்?"

"நடுவுல ரெண்டு பெட்டி இல்லாம ரயில் எப்படிடி ஓடும்?"

"சரி, அந்த மீசைக்காரத் தலைவர்?"

"அவர் முகத்துல முத்திரை குத்தச் சொல்றியா? நமக்கு என்னம்மா கெடுதல் பண்ணாரு அவரு?"

மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா எழுந்தாள். ஆல்பத்தைத் திறந்தாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டாள்.

"கையாலயா!" என்று அலறினார் ஒட்டாதவர். தெருவில் போன சைக்கிள் ஒன்று நின்றுவிட்டது.

அந்த ஈரக் கட்டைவிரல் சாதித்ததை எந்த அறிவுரையும் சாதித்திருக்காது. இரண்டாவது தாளை அவரே எடுத்தார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சாமணத்தால் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, ஆயுளில் முதல்முறையாக ஒட்டினார். தாள் முழுவதையும் ஒட்டினார், "பிரிச்சா பாவம்" என்று. தேவைக்கு மேலேயே தபால் செலவு ஆயிற்று. கவுண்டர் மூடுகிற நேரத்தில் முத்திரை விழுந்தது. மகள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவரோ ஈரமான பார்வையோடு உறை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில்தான் அவருக்குப் பொறி தட்டியது. முழுத் தாள், வெளியான அன்றே முத்திரை, அதுவும் நிஜமாகவே பயணம் போகிற உறை! அவர் கையால் அனுப்பியது உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும்! உறை போய்ச் சேர்கிற நாளை எண்ணிக் காத்திருந்து ஓவியப் பள்ளிக்குப் போன் போட்டார். மகளின் படங்களைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "காலி உறையைத் திருப்பி அனுப்ப முடியுமா?" என்றுதான் கேட்டார்.

பள்ளி முதல்வர் மழுப்பினார். நாட்கள் போயின. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பதில் வந்தது. இவளுக்கு மட்டும் இல்லை. தேர்வுக் குழு கடைசியாகக் கூடுகிற நாளில் அம்மா இருவரையும் இழுத்துக்கொண்டு நேரிலேயே போய் இறங்கினாள். அங்கே முதல்வரின் அறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள், விளக்கு வெளிச்சத்தில், அந்த உறை! ஓரம் மடங்காமல், நுனி கசங்காமல்.

பிரிக்காமல்.

"பிரிச்சா மதிப்பு போயிடும்மா" என்றார் முதல்வர். அவர் சட்டைப் பையில் ஒரு சாமணம் இருந்தது.

"உள்ள என் பொண்ணோட படம் இருக்கு சார்!"

"இருக்கட்டும்மா, பத்திரமாத்தானே இருக்கு?"

இந்த இடத்தில் ஒரு தகப்பன் என்ன செய்வான்? பொங்குவான். நம்மவர் முதல்வரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க சொல்றது நியாயம் சார். வேணும்னா அடிப்பக்கமா ஆவி காட்டிப் பார்ப்போமா? கோந்து கெடாம..."

இரண்டு பேரும் ஆவியின் பதத்தைப் பற்றி ஆலோசனையில் இறங்கியபோது, மகள் சட்டத்தைக் கழற்றி உறையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள்.

சர்ர்ரென்று ஒரே கிழி. தலைகளின் நடுவாக. ஓவியரின் மூக்கோடு.

இரண்டு ஆண்கள் ஒரே சுருதியில் அலறியதைக் கேட்டுத் தேர்வுக் குழுவே ஓடி வந்தது. அவள் சிரித்துக்கொண்டே படங்களை உருவி மேசைமேல் பரப்பினாள். முதல் படத்தில், பாலிதீன் போட்ட சோபாவில், பூதக்கண்ணாடிக்குள் மூக்கு மட்டும் பெரிதாகத் தெரிகிற ஒரு மனிதர். குழுவில் ஒருவர் படத்தைப் பார்த்தார், ஒட்டாதவரைப் பார்த்தார், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இடம் கிடைத்துவிட்டது.

ஒட்டாதவர் தரையில் குனிந்து துண்டுகளைச் சாமணத்தால் பொறுக்கிக்கொண்டிருந்தார். கடிதம் பிரிக்கும் பெண் இருந்த ஒரு துண்டைப் பார்த்தவர் நிமிர்ந்தார். ஜன்னலோரம் நின்ற மகளைப் பார்த்தார். மறுபடியும் துண்டைப் பார்த்தார்.

"அட!" என்றார். "இந்தப் பொண்ணு சிரிக்கிறா!"

திருந்திவிட்டார் என்று அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். போன வாரம் மகளிடமிருந்து முதல் கடிதம் வந்தது. முத்திரை முத்து முத்தாக விழுந்திருந்தது. ஆசையோடு திருப்பினார். பின்பக்கம் முழுக்கத் தடித்த தூரிகையில் எழுதியிருந்தாள்: "அப்பா, கிழிச்சுப் படி."

சாமணத்தை எடுத்தார். வைத்தார். பாலிதீன் நெடுநேரம் சரக் சரக்கென்றது. கடைசியில் கேட்டது பாருங்கள் ஒரு சத்தம், எதிர்வீட்டிலிருந்த எனக்கே கேட்டது. கோணல்மாணலான கிழிசல், கத்துக்குட்டி வேலை. காதுக்கு அவ்வளவு இனிமை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் டிவி ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தானே இருக்கிறது? விருந்தாளிக்கென்று அலமாரியில் வைத்த பீங்கான் கோப்பையில் கடைசியாக எந்த விருந்தாளி குடித்தார்? அது போகட்டும். முதுகு மடிந்துவிடக் கூடாதே என்று இந்தப் புத்தகத்தை இவ்வளவு நேரமும் பாதி திறந்து, இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துப் படிக்கிறீர்களே, அதை என்னவென்று சொல்ல?

நன்றாக விரியுங்கள். கடிக்காது.