பர்சனலாக ஒரு மசாஜர்

கல்யாணம் நின்றுபோனதற்குக் காரணம் கேட்டால் மற்றவர்கள் நகை, பழைய காதல், பெண்ணின் தாய்மாமன் போட்ட சண்டை என்று ஏதாவது கௌரவமாகச் சொல்வார்கள். என் கல்யாணத்தை நிறுத்திய காரணம், ஒருமுறை சார்ஜ் போட்டால் இரண்டு மணி நேரம் ஓடும். ஊதா நிறம். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று அட்டையில் போட்டிருந்தது. (கல்யாணத்துக்கு அப்படியெல்லாம் உத்தரவாதம் கிடையாது.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. பெங்களூர் நீலசந்திராவில் வீடு, ஐ.டி. கம்பெனியில் வேலை, ஞாயிறு தவறாமல் பூசை. அம்மா ஸ்கூல் டீச்சர். என்னைப் பற்றிக் கேட்கிறவர்களிடமெல்லாம், "வாயில வெரல வெச்சாக்கூடக் கடிக்கத் தெரியாது" என்று பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமைக்கு நான் எவ்வளவு தகுதியானவன் என்பது அவளுக்கே அப்போது தெரியாது.

பார்த்த பெண் பிரின்ஸி. அத்திபெலேயில் அவள் அப்பா மரியதாஸ் டைல்ஸ் கடை வைத்திருந்தார். நிச்சயம் முடிந்து, நாங்கள் தினமும் போனில் பேசி, சண்டை போடும் அளவுக்கு நெருங்கியிருந்தோம். அவள் சிரித்தால் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்தச் சிரிப்புக்காகவே நான் அவளைக் கட்டிக்கொள்ளத் துடித்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், இன்றைக்கும் அது காதில் இருக்கிறது.

கோயிலில் ஓலை வாசிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் கத்தோலிக்கக் கல்யாணங்களில் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார், "இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தால் அறிவியுங்கள்" என்று வாசிப்பார். அதுதான் ஓலை. யாரும் எழுந்து தடை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் தடையைக் கூரியரில் அனுப்பிவைத்தேன்.

முதல் ஓலை முடிந்த அன்று பிரின்ஸி வீட்டில் சாப்பாடு. அவள் அம்மா ஃப்ளோரா ஆன்ட்டி பிரியாணியைப் பரிமாறும்போதே தோளைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தார்.

"என்ன ஆன்ட்டி, வலியா?"

"ரொம்ப நாளா இருக்குது தம்பி. ஒரு மசாஜர் வெச்சிருந்தேன். எதிர்வூட்டம்மா கேட்டாங்க, மேல்வூட்டம்மா கேட்டாங்க, தெரு பூரா சுத்திட்டு வந்து செத்தேபோச்சு. இனிமே வாங்கினா எனக்கே எனக்குன்னு பர்சனலா ஒண்ணு வாங்கணும். யார் கேட்டாலும் குடுக்கறதா இல்ல."

மாமியார் மனதில் இடம்பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு எந்த மருமகனுக்குக் கிடைக்கும்? திரும்பி வரும் பஸ்ஸிலேயே போனை எடுத்தேன். அவர் சொன்ன வார்த்தையையே அச்சுப் பிசகாமல் அடித்தேன். பர்சனல் மசாஜர்.

வந்து குவிந்தன. முதலில் இருந்ததற்கு ஆயிரக்கணக்கானவர்கள் நட்சத்திரம் போட்டிருந்தார்கள். படத்தில் வெள்ளைத் துண்டு போர்த்திய ஒரு பெண் அதைத் தோளருகில் பிடித்தபடி கண்ணை மூடிச் சிரித்தாள். தோள்வலி தீர்ந்தால் இவ்வளவு சந்தோஷமா! "என் வாழ்க்கையே மாறிவிட்டது" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். பாவம், எத்தனை வருஷத்து வலியோ என்று பரிதாபப்பட்டேன். உள்ளே என்ன இருக்கிறதென்று வெளியே தெரியாதபடி பேக் செய்து அனுப்புவோம் என்றும் போட்டிருந்தது. எதிர்வீட்டம்மா விஷயம் கம்பெனிக்காரனுக்குக்கூடப் புரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டேன். (சிரியுங்கள். நானே சிரித்துப் பழகிவிட்டேன்.)

பரிசு அட்டையில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டது. எழுதினேன்: "அன்புள்ள ஆன்ட்டிக்கு, தினமும் தவறாமல் உபயோகியுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். இப்படிக்கு, உங்கள் மாப்பிள்ளை."

பார்சல் போய்ச் சேர்ந்தபோது ஆன்ட்டி வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்லி டீ குடிப்பார்கள். மாப்பிள்ளை அனுப்பியது என்றதும் எல்லோரும் சேர்ந்து பிரித்திருக்கிறார்கள். அட்டையை உரக்க வாசித்திருக்கிறார்கள். அதை ஓடவிட்டு ஆளாளுக்குத் தோளில் வைத்துப் பார்த்து, "கையடக்கமா இருக்குது, சத்தமே இல்ல" என்று பாராட்டவும் செய்திருக்கிறார்கள். அப்போது கூட்டத்துக்கு வந்திருந்த தன் மாமியாரைக் கூட்டிப்போக வந்த ஒரு மருமகள் வாசலிலேயே நின்று, "ஐயோ அத்த, அதக் கீழ வைங்க!" என்று அலறியிருக்கிறாள்.

பிரின்ஸி எனக்கு போன் செய்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"லூசு, என்னத்தடா அனுப்பிச்ச?"

"மசாஜர். ஏன், கலர் பிடிக்கலையா?"

இன்னும் பெரிதாகச் சிரித்தாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "கூகுள் பண்ணிப் பாரு. அப்பா வர்றாரு, வெக்கிறேன்" என்றாள். நான் கேட்ட அவளுடைய கடைசிச் சிரிப்பு அதுதான்.

கூகுள் பண்ணிப் பார்த்தேன்: அது தோளுக்கு இல்லை, பெண்கள் தனிமையில் தங்கள் சுகத்துக்கு உபயோகிப்பது. அடுத்த ஞாயிறு காலை இரண்டாம் ஓலை வாசித்தார்கள். மத்தியானம் என்னையும் அம்மாவையும் அத்திபெலேக்கு வரச் சொன்னார்கள். ஹாலில் டீப்பாய் மேல் அந்தப் பெட்டி, அதன்மேல் ஒரு டவல். பக்கத்தில் எங்களுக்கு வைத்த முறுக்குத் தட்டு. மரியதாஸ் அங்கிள் நிதானமாகத்தான் ஆரம்பித்தார்.

"மாப்ள, நான் டைல்ஸ் விக்கிறவன். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்களே சொல்லுங்க, எங்கூட்டு பொம்பளைக்கு இத ஏன் அனுப்பிச்சீங்க?"

'தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று மூன்று வார்த்தை போதும். அதோடு முடிந்திருக்கும். நான் ஆதாரத்தோடு பேசுகிறவன் ஆயிற்றே.

"ஆன்ட்டிதான் அங்கிள் கேட்டாங்க. பர்சனலா வேணும்னு."

"அந்தோணியாரே!" என்று ஆன்ட்டி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அங்கிள் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத் தாம்பத்தியம் ஆடிப்போனது.

அப்போதுதான் பிரின்ஸி உள்ளேயிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "அப்பா, அவருக்கு நெஜமாவே தெரியாதுப்பா. அம்மாவோட தோள்வலிக்குன்னு நெனச்சிட்டாரு. அதெல்லாம் மசாஜர்னு பேர் போட்டுத்தான் விப்பாங்க, படமும் அப்படித்தான் இருக்கும். போன் வெச்சிருக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். இதுல என்ன இருக்கு, விடுங்களேன்" என்றாள்.

அங்கிளின் முகம் தளர்ந்தது. கையை முறுக்குத் தட்டுக்குக்கூடக் கொண்டுபோனார். அப்போது என் அம்மா கேட்டாள்.

"அது சரி. எங்க பையனுக்கே தெரியாதது, உனக்கு எப்படிம்மா தெரியும்?"

பிரின்ஸி என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாள். என் வாயில் முறுக்கு இருந்தது. அதை மென்று விழுங்கும் வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு உள்ளே போய்விட்டாள். இந்த இடத்தை மட்டும் நகைச்சுவையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

அப்புறம் வளர்ப்பைப் பற்றி அம்மா பேச, வார்த்தையை அளந்து பேசும்படி அங்கிள் சொல்ல, எல்லாம் முடிந்தது. மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை. காரணம் கேட்ட சாமியாரிடம் அம்மா, "பொண்ணு சரியில்ல சாமி" என்று சொல்லிவிட்டு வந்தாள். யாரோ செய்த முட்டாள்தனத்துக்கு யாரோ சரியில்லாமல் போனார்கள்.

வயிற்றெரிச்சலில் அந்தச் சாதனத்தின் சரித்திரத்தையே தேடிப் படித்தேன். ஆரம்பத்தில் ஒரு டாக்டர் ஆண்களின் தசைவலிக்காகத்தான் செய்தாராம். பெண்களின் நரம்புக் கோளாறுக்கு வைத்தியர்கள் உபயோகித்தார்கள் என்று ஒரு கதை சுற்றுகிறது; அதற்கு ஆதாரமே இல்லை என்று இன்னொரு கட்சி அடித்துச் சொல்கிறது. வீடுகளுக்குக் கரண்ட் வந்ததும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் ஃபேன், இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இதற்கும் விளம்பரம். தலைவலிக்கு நல்லது, அசதிக்கு நல்லது, முகச் சுருக்கத்துக்கு நல்லது. வேறு எதற்கு நல்லது என்று ஒருவரும் எழுதவில்லை. பல காலம் கழித்துப் பெண்களே கடை திறந்து, இன்னதற்குத்தான் என்று வாய்விட்டுச் சொன்னார்கள். நம் ஊரில் மறுபடியும் தோள்வலி. இப்போது பெங்களூரில் கொத்தமல்லிக் கட்டோடு சேர்த்து ஆர்டர் போட்டால் பால் பொங்குவதற்குள் வந்துவிடுகிறது. எல்லோரும் வாங்குகிறார்கள், யாரும் வாங்குவதில்லை. இத்தனை காலச் சரித்திரத்தில் அந்த லேபிளை அப்படியே நம்பிய ஒரே ஆள் நான்தான்.

கொடுத்ததெல்லாம் ஒரு சூட்கேஸில் திரும்பி வந்தது. மோதிரம், நிச்சயப் புடவை, நான் வாங்கித் தந்த வாட்ச், அதன் பில் உட்பட. அம்மா சூட்கேஸைத் தலைகீழாகக் கொட்டித் தேடினாள்.

"அந்தச் சனியன மட்டும் காணோமே?"

"எரிச்சிருப்பாங்க" என்றேன்.

சில மாதம் கழித்து ஆபீஸில் இருக்கும்போது ஒரு போன். கஸ்டமர் கேர் பெண் கன்னடத்தில் தொடங்கி, என் உச்சரிப்பைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"சார், நீங்க வாங்கின பர்சனல் மசாஜருக்கு வேற சார்ஜர் கேட்டு ரிக்வெஸ்ட் வந்திருக்கு. ஃப்ளோரா மேடம்னு பேர் இருக்கு. அத்திபெலே அட்ரஸுக்கே அனுப்பிடலாங்களா?"

நான் கேபினை விட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

"பழைய சார்ஜருக்கு என்னாச்சாம்?"

"ரொம்ப யூஸ் பண்ணதுல வயர் விட்டுப்போச்சுன்னு போட்டிருக்காங்க சார். கமென்ட்டும் நல்லாக் குடுத்திருக்காங்க. தோள்வலி முழுசாப் போயிடுச்சாம்."

"அனுப்பிடுங்க" என்றேன்.

ஆன்ட்டி எழுதியது உண்மையாகவே இருக்கலாம். அப்படியானால் நான் அனுப்பியது சரியான பொருள், கல்யாணம் நின்றதற்குக் காரணமே இல்லை. பொய்யாக இருந்தால், பிரின்ஸி சொன்ன மாதிரி அதில் என்ன இருக்கிறது, அப்போதும் காரணம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் எனக்குத்தான் வயிறு எரிகிறது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாராவது, "சார்ஜர் எங்க?" என்று தேடினால், "அத்திபெலேல கேளு" என்று நாலு குரல் வரும். கிறிஸ்துமஸுக்கு உறவினர்கள் கூடினால் முழுக் கதையும் நடித்துக் காட்டப்படும். பஸ்ஸில் நான் தேடியது, பரிசு அட்டை, மருமகளின் அலறல், அந்தோணியாரே என்று ஆன்ட்டி கத்தியது, என் வாயில் முறுக்கு, எல்லாம் வரும். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து எனக்காகப் பேசியது மட்டும் இதுவரை ஒரு தடவைகூட அதில் வந்ததில்லை. கதை அந்த இடத்தை நெருங்கும்போது அம்மா எல்லோருக்கும் காபி போட எழுந்து போய்விடுவாள்.